நான்காம் புள்ளலூர்ப் போர்: ஒரு வாசகனின் ஆண்டு பற்றிய ஆய்வு

1. ஆய்வுக் களம்

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் மூன்று போர்கள் நடந்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனும் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியும் பொருதது முதலாவது. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தது இரண்டாவது. 1781 ஆகஸ்ட் 27இல் ஹைதரும் சர் அயர் கூட்டும் மோதியது மூன்றாவது.

நான்காவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அது மதியம் இரண்டு மணி வாக்கில், சாப்பாடு முடிந்து இலையை எடுத்ததும் தொடங்குகிறது. ஒரு பக்கம் உண்ட மயக்கம், மறுபக்கம் புத்தகம், இடையில் ஒரு வாசகன். முந்தைய மூன்றும் அந்தந்த நாளோடு முடிந்தன. இது தை முதல் மார்கழி வரை ஓய்வில்லாமல் நடக்கிறது. அப்படியிருந்தும் இதற்கு ஒரு நடுகல் கிடையாது. 1781இல் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகளுக்கு நினைவுத் தூண் நிற்கும் ஊரில், பொன்னியின் செல்வன் ஐந்தாம் பாகத்தோடு சாய்ந்தவருக்கு ஒரு செங்கல் கூட இல்லை. இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

களத்தின் தகுதியில் யாரும் ஐயம் கொள்ள வேண்டியதில்லை. இங்கே பொருதவர்களில் மகேந்திரவர்மன் எழுத்தாளனும் கூட. காஞ்சித் தெருவில் கபாலத்தைத் தொலைத்துவிட்டுக் குடிபோதையில் தேடி அலையும் காபாலிகனை வைத்து மத்தவிலாசம் என்ற கேலி நாடகம் எழுதியவன் அவன். நாட்டை ஆளும் வேலைக்கு நடுவே நகைச்சுவை எழுத அவனுக்குப் பொழுது இருந்திருக்கிறது. உள்ளூர் வாசகனுக்கு இது போதுமான முன்னுதாரணம்.

2. சான்றுகளை எடை போடுதல்

முதல் போரில் வென்றது யார்? 634ஆம் ஆண்டின் ஐஹொளே கல்வெட்டைக் கேட்டால், பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்கிறது. பல்லவரின் காசக்குடிச் செப்பேட்டைக் கேட்டால், புள்ளலூரில் மகேந்திரன் பகைவரைத் தொலைத்தான் என்கிறது. தோற்றவர் யாரும் கல்வெட்டுச் செலவுக்குக் காசு கொடுப்பதில்லை.

ஆண்டு முடிவில் வாசகர்கள் வெளியிடும் ‘இந்த ஆண்டு படித்த நூல்கள்’ என்னும் பட்டியலையும் இந்த இனத்தில்தான் சேர்க்க வேண்டும். அது ஒரு மெய்க்கீர்த்தி. ராஜராஜன் தொடங்கிவைத்த மரபில், வென்ற நாடுகள் மட்டும் வரிசையாக வரும். முப்பதாம் பக்கத்தில் கைவிட்ட தத்துவ நூல் அதில் வராது. கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டுக் கமுக்கமாக மூடிய துப்பறியும் நாவலும் வராது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக் கடையில் வாங்கி, இறங்கும் இடம் வருவதற்குள் முடித்த மாத நாவல் வரவே வராது.

ஆகவே ஆய்வாளர் பட்டியலைத் தள்ளிவிட்டு அகழாய்வில் இறங்குவதே முறை. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் போதும். பேருந்துச் சீட்டு, ரேஷன் கடை ரசீது, விபூதிப் பொட்டலம், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையின் ஓரம், தீக்குச்சி என்று அடுக்கடுக்காக விழும். எந்தப் பக்கத்தில் எது கிடந்தது என்பதுதான் உண்மையான வரலாறு. ஐம்பதாம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை இருந்தால் அங்கே ஒரு முகூர்த்தம் குறுக்கிட்டது என்றும், அதற்கப்பால் ஒன்றுமே இல்லையென்றால் மொய் எழுதிவிட்டு வந்தவர் திரும்ப உட்காரவில்லை என்றும் கொள்க.

இந்த முறைக்கு ஒரு சான்று காட்டலாம். கல்கி இதழில் 1944 முதல் 1946 வரை தொடராக வந்த சிவகாமியின் சபதத்தைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த பிரதிகள் இந்தப் பக்கத்து வீடுகளில் உண்டு. அட்டை காலிகோ, முதுகில் கோந்து, ஓவியத்துக்குப் பக்கத்தில் அந்தக் காலத்து விளம்பரம். அக்கதையில் புள்ளலூர்ச் சண்டையும் வருகிறது. பிரதியைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தாள்களின் விளிம்பு முழுக்கப் பழுப்பு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு. பிரித்தால் அது ஊர்ப் பெயர் வரும் இடம். மூன்று தலைமுறை விரல்கள் ‘நம்ம ஊரு பாரு’ என்று தொட்டுக் காட்டிய எண்ணெய்க் கறை அது. நாவல் முழுவதையும் படித்தவர் எத்தனை பேரோ, அந்தப் பக்கத்தைப் படிக்காதவர் வீட்டில் இல்லை.

3. திணைப் பகுப்பு

நான்காம் போருக்குத் திணை வகுத்தல் எளிது. முதற்பொருளில் நிலம் திண்ணை. திண்ணை இடிக்கப்பட்ட வீடுகளில் கிரில் போட்ட வராந்தா. பொழுது நண்பகல். கருப்பொருளாவன: ஈசி சேர், பனையோலை விசிறி, சொம்புத் தண்ணீர், மூக்குக் கண்ணாடி, பக்கத்து வேப்பமரத்துக் காக்கை. உரிப்பொருள் கொட்டாவியும் கொட்டாவி நிமித்தமும்.

போரின் படிநிலைகளுக்குத் தொல்லாசிரியர் வகுத்த புறத்திணைகளே பொருந்துகின்றன.

வெட்சி: பகைவர் ஆநிரையைக் கவர்தல். இங்கே தூக்கம் முதலில் ஒரு வரியைக் கவர்கிறது. வாசகன் பத்தியின் அடிக்கு வந்த பிறகுதான் நடுவில் ஒன்று காணாமல் போனதை உணர்கிறான்.

கரந்தை: கவர்ந்ததை மீட்டல். அதே பத்தியை மறுபடி படிப்பது. மூன்றாம் தடவை படிக்கையில் சொற்கள் எல்லாம் தெரிந்தவையாகவும் பொருள் மட்டும் புதிதாகவும் இருக்கும்.

உழிஞை: கோட்டையை வளைத்தல். இமைகள் இரண்டும் மேலிருந்தும் கீழிருந்தும் முற்றுகையிடுகின்றன.

நொச்சி: கோட்டையைக் காத்தல். நிமிர்ந்து உட்காருவது, முகம் கழுவுவது, உள்பக்கம் பார்த்து ‘டீ ஆச்சா’ என்று குரல் கொடுப்பது ஆகியவை இதன் துறைகள். இங்கே 1780ஐ நினைவுகூர வேண்டும். பெய்லி புள்ளலூரில் சிக்கிக்கொண்டபோது ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். உதவி வந்து சேரவில்லை. நான்காம் போரிலும் தேநீர் அடுப்பங்கரை வரைக்கும் வந்துவிடும், திண்ணைக்கு வராது. டம்ளர் வரும்போது கோட்டை விழுந்திருக்கும்.

தும்பை: நேருக்கு நேர் பொருதல். புத்தகம் மார்பின் மேல் கவிழ்கிறது. பக்கம் தவறிவிடாமல் ஆள்காட்டி விரல் மட்டும் உள்ளே காவல் நிற்கிறது. உடம்பு முழுதும் சரணடைந்த பின்னும் அந்த விரல் சரணடைவதில்லை என்பது ஆய்வாளர் வியந்த செய்தி.

வாகை: வெற்றி. தூக்கம் ‘நான் வென்றேன்’ என்கிறது. எழுந்தவர் ‘படிச்சிட்டுதான் இருந்தேன், சும்மா கண்ணை மூடினேன்’ என்கிறார். ஐஹொளேவும் காசக்குடியும் மறுபடி எதிரெதிரே நிற்கின்றன.

சாய்வு நாற்காலியின் சிறப்பை இகழ்வார்க்கு ஒன்று சொல்லலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையில் இரண்டாம் போரைச் சுவரோவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் குதிரையும் ஈட்டியுமாக இருக்க, பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். தோற்கப் போகிறவர் சாய்ந்துகொண்டுதான் தோற்க வேண்டும் என்ற நெறி அங்கே வரையறுக்கப்பட்டுவிட்டது.

4. பெரும்பொழுது

வாசகனின் ஆண்டு தையில் தொடங்குகிறது. பொங்கலை ஒட்டிச் சென்னையில் பபாசி நடத்தும் புத்தகக் காட்சிக்கு 1977 முதல் ஜனங்கள் போய் வருகிறார்கள். பத்து சதவீதக் கழிவில் மிச்சமான பணத்தில் இன்னொரு புத்தகம் வாங்கி, அதிலும் பத்து சதவீதம் மிச்சம் பிடிப்பது வழக்கம். பை கிழியும் அளவுக்கு வாங்கியவர் ஊருக்கு வந்ததும் நேரே அறுவடையில் சிக்குவார். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று பட்டம் காணும் மாவட்டம் இது. நடவும் அறுப்பும் நடக்கும் நாட்களில் வாங்கிய புத்தகம் அலமாரியில் அட்டை காட்டி நிற்கும். பயிர் தன் பாட்டுக்கு வளரும் இடைநாட்கள்தாம் வாசிப்புக்கு உரியவை. நெல் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்து படிப்பது சட்டப்படி குற்றமன்று.

சித்திரை, வைகாசி மாதங்களில் அக்னி நட்சத்திரம். நான்காம் போர் உச்சம் பெறுவது அப்போதுதான். நுங்கு, மாம்பழம், மின்வெட்டு ஆகிய மூன்றும் பகைவர் பக்கம் நிற்கின்றன. மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டே படித்த நூலை இரவல் கொடுத்தால், வாங்குபவர் எறும்புகளின் வழிகாட்டுதலில் சுவையான பகுதிகளைக் கண்டுகொள்ளலாம்.

ஆடியில் காற்று வாசகனைவிட வேகமாகப் பக்கம் புரட்டும். அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையே திறந்துகொள்ளும். கூழ் ஊற்றும் நாளில் கனமான நூல்களைத் தொடாதிருத்தல் நலம். அன்றைக்கு ஏற்றவை குறுக்கெழுத்துப் புதிர், ஜோதிடப் பகுதி, பழைய வார இதழின் கேள்வி பதில்.

ஐப்பசியில் மழையும் தீபாவளி மலரும் சேர்ந்து வரும். மலரின் முதல் பயன் அதன் மணம். இரண்டாவது, அதன் கனம். முறுக்கு டப்பாவின் மூடி நெகிழ்ந்து போன வீட்டில் மூன்றாவதும் உண்டு. ஏரி நிரம்பி மதகில் தண்ணீர் சீறும் நாட்களில் தாள் நமுத்துப்போகும், அலமாரியின் பின்வரிசையில் இராமபாணப் பூச்சி தன் வாசிப்பைத் தொடங்கும். அட்டை முதல் அட்டை வரை ஒரு நூலை முழுதாக முடிப்பது அது ஒன்றுதான். அதுவும் பட்டியல் வெளியிடுவதில்லை.

5. இரவல் நெறி

இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விதிக்கின்றன. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருப்பவரே ஓலைக்கு உரியவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், மாமன், மருமகன் என்று உறவினரும் நிற்கக் கூடாது.

ஏரிக்கும் தோட்டத்துக்கும் வாரியம் கண்ட பெரியோர் புத்தக இரவலுக்கு ஒன்று காணாதது வியப்பே. அந்த விதியை அப்படியே எடுத்துக் கொண்டால், வாங்கிய நூலைத் திருப்பித் தராதவருக்கும் அவர் சிற்றன்னை மக்களுக்கும் இனி புத்தகம் இல்லை. சோதித்துப் பார்த்ததில் ஒரு தடை புலப்பட்டது. ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் மச்சான். விதி நடைமுறைக்கு வந்த மறுநாளே இரவல் வாங்கத் தகுதியுள்ளவர் யாரும் மிஞ்சவில்லை. புத்தகத்துக்கு உரியவரே தம் மைத்துனரின் குற்றத்தால் தகுதி இழந்தார்.

எனவே பொது நூலகமே புகலிடம். 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தால் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆகையால் படிக்காதவரும் வாசிப்புக்குச் செலவழித்தவரே. மேலும் ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலர் ஆகிவிடலாம். பாரியும் ஓரியும் இந்தப் பட்டத்துக்குத் தேரும் யானையும் கொடுத்துக் கைநொந்தார்கள்.

6. முடிவு

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நூலகருக்கு அது சரி. அட்டவணையைத் தேடி வாசகர் அலையக் கூடாது. ஆனால் புத்தகம் கைக்கு வந்த பிறகு அந்த விதி செல்லாது என்பது இவ்வாய்வின் துணிபு. மாட்டுவண்டியின் வேகத்தில் வந்த நூலைப் பேருந்தின் வேகத்தில் படிப்பானேன்? பொழுதைச் செலவழிக்கத்தான் வாசகன் உட்கார்ந்திருக்கிறான். எத்தனை நூல் முடித்தான் என்று கேட்பது, திருவிழாவில் எத்தனை மணிக்குத் தேர் நிலைக்கு வந்தது என்று மட்டும் கேட்பதற்குச் சமம். விரல் எத்தனை தடவை பக்கங்களுக்கு இடையே தூங்காமல் இருந்தது என்பதே அளவை.

இம்முடிவை மக்கள் மன்றத்தில் சரிபார்க்க, ஒரு வாசகனின் பெரியம்மாவோடு நேர்காணல் நிகழ்ந்தது. அது உள்ளபடியே கீழே தரப்படுகிறது.

“ஏண்டா, வருசம் பூரா படிச்சிக்கினே கீறியே, இன்னாத்த கண்ட?”

“பொழுது போச்சு பெரிம்மா.”

“எனக்குப் படிக்காமயே போவுதே.”

“உனக்கு ஒரு தரம் போவுது. எனக்கு ரெண்டு தரம் போவுது. இங்க ஒரு பொழுது, புக்குக்குள்ள ஒரு பொழுது.”

பெரியம்மா வெற்றிலையை மென்றபடி சற்று யோசித்தார். பிறகு சொன்னார்:

“அப்ப மாட்டுக்கும் ரெண்டு தரம் தண்ணி காட்டிட்டு வா.”

நேர்காணல் அத்துடன் முடிவுற்றது.