வாள்வீரனுக்கு வந்த கன்னப் புள்ளி

ஆண்டு 1878. டோக்கியோவுக்குள் நாடோடி வாள்வீரன் ஒருவன் நடந்து வருகிறான். புரட்சிக் காலத்தில் எத்தனையோ பேரை வெட்டிச் சாய்த்தவன். இனி ஓர் உயிரையும் எடுப்பதில்லை என்று, கூர்ப்பக்கம் மாறியிருக்கும் வாளைச் சுமக்கிறான். இடது கன்னத்தில் சிலுவை போல ஒரு வடு. 1996 ஜனவரியில் ஃபுஜி டிவியில் தொடங்கிய 'ருரோனி கென்ஷின்' அனிமேயின் நாயகன் இவன்தான்.

இப்படிப்பட்டவனுக்கு முகப்புப் பாட்டு என்றால் முரசு அதிரும், புல்லாங்குழல் அழும், யாராவது சபதம் எடுப்பார்கள் என்றுதானே தோன்றும்? வந்ததோ, துள்ளும் கிதாருக்கு நடுவே ஒரு பெண் தான் வெறுத்த முகத்துப் புள்ளிகளைத் தடவிப் பெருமூச்சு விடும் பாட்டு!

பெயர் 'சொபாகசு'. மூக்கிலும் கன்னத்திலும் தூவினாற்போல் விழும் பழுப்புப் புள்ளிகளை ஜப்பானியர் அப்படிச் சொல்வார்கள். சொபா தானியத்தை அரைத்தால் மிஞ்சும் உமிக்கும் அதே பெயர். உட்காரும் சோபா அல்ல, நூடுல்ஸாகச் சாப்பிடும் சொபா. ஆக, வாள்வீரனுக்கு உமி தூவி வரவேற்பு.

பாடியது 'ஜூடி அண்ட் மேரி' என்ற ராக் குழு. அமெரிக்க அக்கா தங்கை என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மூன்று ஆண்கள், ஒரு பெண், நால்வரும் ஜப்பானியர். ஜூடியும் இல்லை, மேரியும் இல்லை.

வரிகள் எழுதியவர் பாடகி யூகி. மெட்டமைத்தவர், குழுவில் பாஸ் கிதார் வாசித்த ஒண்டா யொஷிஹிதோ. அனிமேவுக்குப் பாட்டு கேட்டு வந்தபோது அவகாசமும் இல்லை, கென்ஷின் கதையும் யூகிக்குத் தெரியாது. அனிமே என்றதும் அவர் நினைவில் வந்து நின்றது 1976இல் தொடங்கிய 'கேண்டி கேண்டி'. அதன் நாயகி அமெரிக்காவில் வளரும் அநாதைச் சிறுமி, மூக்கில் புள்ளிகளோடு. பேனா ஓடிவிட்டது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் விழுந்த இந்த முடிச்சில் பொருத்தம் ஒன்றே ஒன்று: இரண்டு பக்கமும் சிக்கல் முகத்தில்தான்.

தொடரோடு ஒரு குழுவின் பாட்டை இணைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஜப்பானில் 'டை-அப்' என்று பெயர். தொடருக்கு ஒன்றரை நிமிடப் பாட்டு, குழுவுக்கு வாராவாரம் விளம்பரம். தொடரின் தயாரிப்பில் சோனிக்குப் பங்கு இருந்தது. குழுவின் பாட்டுகளை வெளியிட்டதும் சோனி குடும்பத்து நிறுவனமே. பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒன்றாக இருந்தால் ஜாதகம் யார் பார்க்கிறார்கள்?

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பிப்ரவரியில் 8 சென்டிமீட்டர் குறுந்தகடாக வந்த 'சொபாகசு', ஒரிகான் இசை விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது.

அடுத்த முகப்புப் பாட்டை எழுதிப் பாடியவர் கவமொதோ மகோதோ. தலைப்பு '1/2'. சியாம் ஷேட் குழு பாடிய ஒரு முடிவுப் பாட்டின் தலைப்போ '1/3' என்று ஆரம்பிக்கிறது. கன்னப் புள்ளியை ஒருவழியாகக் கடந்த வாள்வீரனுக்குப் பின்னக் கணக்கு காத்திருந்தது.