குழாய்க்கு ஒரு கமிட்டி

கேள்வி: எங்கள் சந்துக்கும் ஒரு சபை அமைத்து, எங்களிடம் கருத்துக் கேட்டால் என்ன?
(வாசகர், லேபர் கேம்ப், தாராவி)

பதில்: கேட்காமலா இருக்கிறார்கள்? 2022 பிப்ரவரியில் மும்பை மாநகராட்சி வார்டுகளை 227இல் இருந்து 236 ஆக்கப்போகிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். ஜனங்களும் வரிந்து கட்டிக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஜூனில் மாநிலத்தில் ஆட்சி மாறியது. ஆகஸ்டில் மறுபடியும் 227! இதற்கிடையே மார்ச்சிலேயே கவுன்சிலர்களின் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான்; அதுவரை அதிகாரி ராஜ்ஜியம்.

3 லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகை உள்ள நகரங்களுக்கு வார்டு கமிட்டி வேண்டும் என்றது 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம். அதற்கும் கீழே, தெரு மட்டத்தில் கூடும் ஏரியா சபைக்கு மகாராஷ்டிரம் 2009இலேயே சட்டம் போட்டது. சட்டம் பத்திரமாக இருக்கிறது, ஏட்டில். தமிழ்நாட்டிலோ 2022 நவம்பர் 1 அன்று ஏரியா சபையைக் கூட்டியே விட்டார்கள். பம்மலில் நடந்ததற்கு முதல்வரே போனார்.

கூட்டம் போட உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன? 90 அடி ரோட்டில் பொங்கல் வைக்க ஆள் திரள்கிறது, பிள்ளையாருக்கு மண்டல் இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்கும் ஒன்று தொடங்குங்கள். வசூல் நோட்டு மட்டும் வேண்டாம்!