மைனஸ் இருநூறு முட்டை

ஒன்பதாம் வகுப்பு முடியும் வரையில் சமன்பாடு என்பது, கேட்ட கேள்விக்கு ஒரே ஒரு விடையைச் சொல்லி, அந்த விடையின் கீழே இரட்டைக்கோடு இழுத்துக்கொள்ள அனுமதித்து, பிறகு யாருடைய நித்திரைக்கும் பங்கம் விளைவிக்காமல் ஒதுங்கிவிடுகிற சுபாவம் உடையது. பத்தாம் வகுப்பிலே, காலாண்டுப் பரீட்சைக்குச் சற்று முன்பின்னாக, எக்ஸின் தலைமேல் சின்னஞ்சிறு இரண்டு ஒன்று ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் அந்தச் சாதுகுணம் போய்விடுகிறது. ஒரு கேள்விக்கு இரண்டு விடை வருகிறது. இரண்டும் சரி என்று உபாத்தியாயர் சொல்கிறார். அடுத்த கணக்கில், இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடு என்று அதே உபாத்தியாயர் சொல்கிறார். பெரியவர்கள் பேச்சில் நம்பிக்கை வைக்கலாமா கூடாதா என்ற சந்தேகம் பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சாஸ்திரோக்தமாக உதிக்கும் இடம் இதுதான்.

புதுக்கோட்டைச் சீமையிலே, தைலமரக் காடுகளுக்கும் வானம் பார்த்த கண்மாய்களுக்கும் நடுவில் உள்ள வல்லத்திராக்கோட்டையில் இந்தப் பாடத்தைப் போதிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், பிள்ளைகளைத் திணற அடிப்பது சூத்திரம் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது வீண் அபவாதம். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை, வேறெதையும் தமிழிலே சொன்னாலும் சூத்திரத்தை மட்டும், ‘மைனஸ் பி பிளஸ் ஆர் மைனஸ் ரூட் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏ சி பை டூ ஏ’ என்று, உடுக்கடிப் பூசாரி குலதெய்வத்தின் வம்சாவளியைச் சொல்வதுபோல் மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிடும். எழுதும்போதுதான் அந்த ‘பை டூ ஏ’ என்பது வர்க்கமூலத்துக்குக் கீழே மட்டும் போய் ஒண்டிக்கொள்ளும். முன்னே நிற்கிற மைனஸ் பி அநாதையாக நிற்கும். ‘கோட்டை நீட்டிப் போடுப்பா’ என்ற உபதேசத்தை நான் சொன்ன அளவுக்கு எந்த உபாத்தியாயரும் திருக்குறளைச் சொல்லியிருக்க மாட்டார்.

காரணிப்படுத்துவதிலும் பெரிய கஷ்டம் கிடையாது. பெருக்கினால் இவ்வளவு, கூட்டினால் இவ்வளவு வரக்கூடிய இரண்டு எண்களைக் கண்டுபிடி என்று சொன்னால், கடைத்தெருவில் பாக்கிச் சில்லறையைச் சரிபார்த்துப் பழகிய பிள்ளைகள் நான் சாக்பீஸைத் தேடி எடுப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். கஷ்டமெல்லாம் இரண்டாம் விடை விஷயத்தில்தான். அதை எப்படியாவது ஒழித்துக்கட்டவேண்டும் என்று வகுப்பே கங்கணம் கட்டிக்கொண்டிருக்கும். எக்ஸ் வர்க்கம் ஒன்பதுக்குச் சமம் என்றால் விடை மூன்று என்று எழுதிவிட்டு, மைனஸ் மூன்றின் முகத்திலே விழிக்காமல் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். எக்ஸ் வர்க்கம் ஐந்து எக்ஸுக்குச் சமம் என்றால், ‘ரெண்டு பக்கமும் எக்ஸை அடிச்சிட்டேன் சார், அஞ்சு’ என்று சந்தோஷமாகச் சொல்வான் ஒருவன். அடித்தது எக்ஸை அன்று, பூஜ்யம் என்ற ஒரு நிரபராதியான மூலத்தை என்பதை எடுத்துச் சொன்னால், ‘பூஜ்யம் தானே சார், போனாப் போகுது’ என்று எனக்கே ஆறுதல் கூறுவான்.

இதிலும் விசித்திரமான சங்கடம் ஒன்று உண்டு. வர்க்கமூலத்துக்குள் இருக்கிற தன்மைகாட்டி எதிர்மறையாக வந்துவிட்டால் மெய்யெண் மூலங்களே இல்லை என்று சொல்லவேண்டும். அதைக் கிராப் தாளில் வரைந்து காட்டினால், பரவளையமானது எக்ஸ் அச்சை எட்டிக்கூடப் பார்க்காமல் அந்தரத்திலே வளைந்துகொண்டு போய்விடும். (அதை ஸ்கேல் வைத்துப் புள்ளிக்குப் புள்ளி சேர்த்து ஓட்டுவீட்டு முகடாக்கிவிடுகிறவர்களும் உண்டு, பொதுத்தேர்வில் எட்டு மதிப்பெண் பெறும் வரைபடத்தை அப்படி வீடு கட்டிக் கெடுக்கக்கூடாது என்று கெஞ்சுவது என் வருஷாந்தரக் கடமை.) ஒரு விடை போதும் என்று கேட்டவர்களுக்கு இரண்டு கொடுத்துப் பழக்கிவிட்டு, பிறகு ஒன்றுமே இல்லை என்று கையை விரித்தால் யார்தான் பொறுப்பார்கள்? ‘விடையே இல்லேன்னா எதுக்கு சார் கேக்குறாங்க?’ என்று கடைசிப் பெஞ்சிலிருந்து வந்த கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருமினேன்.

வர்க்கப் பூர்த்தி முறை என்று ஒன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. முதல் கெழுவால் எல்லாவற்றையும் வகுத்து, நடுக் கெழுவைப் பாதியாக்கி, அந்தப் பாதியை வர்க்கமாக்கி, இருபுறமும் கூட்டவேண்டும் என்பது அதன் விதி. மூன்றாம் வரிக்குள்ளாகவே பலகை முழுவதும் பின்னங்கள் முளைத்துவிடும். பின்னத்தைக் கண்டால் பிள்ளைகளின் முகம் சுண்டிவிடும். இந்தச் சந்தர்ப்பத்தில் நான் ஸ்ரீதராசாரியாரை மனத்தில் நமஸ்கரிப்பது வழக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த மகானுடைய பீஜகணித நூல் நமக்குக் கிடைக்காமல் அழிந்துபோயிற்று. ஆயினும் அவருடைய ஒரு விதியை, அவர் பெயர் சொல்லியே, பின்னால் வந்த பாஸ்கராசாரியார் எடுத்து வைத்திருக்கிறார். முதல் கெழுவின் நான்கு மடங்கால் இருபுறமும் பெருக்கு, நடுக் கெழுவின் வர்க்கத்தைக் கூட்டு என்பதே அது. மூன்று எக்ஸ் வர்க்கமும் ஏழு எக்ஸும் சேர்ந்து ஆறு என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டால் பெருக்கினால் 36 எக்ஸ் வர்க்கமும் 84 எக்ஸும் சேர்ந்து 72. நாற்பத்தொன்பதைக் கூட்டினால், ஆறு எக்ஸும் ஏழும் சேர்ந்ததன் வர்க்கம் 121. ஆகவே ஆறு எக்ஸும் ஏழும் சேர்ந்து பதினொன்று, அல்லது மைனஸ் பதினொன்று. கடைசி அடி வரையில் ஒரு பின்னமும் தலைகாட்டவில்லை. நவீன கல்வி நிபுணர்கள் யாரும் பிறவாத காலத்தில் குழந்தைகளின் மனத்தை அறிந்த ஒரு கருணாமூர்த்தி இருந்திருக்கிறார்.

பாஸ்கராசாரியாரோ விளையாட்டுப் பிரியர். 1150-ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய லீலாவதியில் உள்ள அன்னப்பறவைக் கணக்கு, இன்றைய தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலும் வந்து இறங்கியிருக்கிறது. கூட்டத்தின் வர்க்கமூலத்தைப்போல் பத்து மடங்கு பறவைகள் மேகத்தைக் கண்டு ஏரிக்குப் போயின, எட்டில் ஒரு பங்கு தோட்டத்துக்குப் பறந்தன, மிச்சம் மூன்று ஜோடி நீரில் விளையாடுகின்றன, கூட்டம் எவ்வளவு? வர்க்கமூலம் பன்னிரண்டு, ஆகவே பறவைகள் 144 என்பது விடை. ஆனால் சமன்பாடு அத்துடன் நிற்குமா? மைனஸ் நான்கின் கீழ் ஏழு என்று இன்னொரு மூலத்தையும் நீட்டுகிறது. வர்க்கமாக்கினால் ஓர் அன்னத்தில் நாற்பத்தொன்பதில் பதினாறு பங்கு. கொக்கும் மடையானும் மயிலும் தவிர வேறு பெரிய பறவையைக் கண்டறியாத எங்கள் பிள்ளைகள், ‘அது எந்தப் பக்கத்துப் பங்கு சார், தலைப்பக்கமா வால்பக்கமா?’ என்று விசாரித்தார்கள். தோட்டத்துக்காரரைத்தான் கேட்கவேண்டும் என்றேன்.

குரங்குக் கணக்கு இன்னும் ரசமானது. பீஜகணிதம் என்ற தம் நூலிலே பாஸ்கராசாரியார், ஒரு கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கை வர்க்கமாக்கிய அத்தனை குரங்குகள் வனத்தில் குதித்தாட, பன்னிரண்டு குன்றின்மேல் கத்திக்கொண்டிருக்கின்றன என்கிறார். விடை நாற்பத்தெட்டு என்றாலும் சரி, பதினாறு என்றாலும் சரி. இரண்டையும் அவர் மனமார ஒப்புக்கொள்கிறார். அடுத்த கணக்கில், ஐந்தில் ஒரு பங்கில் மூன்று குறைத்து அதை வர்க்கமாக்கிய அத்தனை குரங்குகள் குகைக்குள் போயின. ஒன்று மட்டும் கிளையில் தெரிகிறது. கணக்கு ஐம்பது என்றும் ஐந்து என்றும் இரண்டு விடை தருகிறது. இரண்டுமே முழு எண். இரண்டுமே மிகை எண். ஐந்து என்று வைத்துச் சரிபார்த்தாலும் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. ஆயினும் ஐந்தை ஆசாரியார் தள்ளிவிடுகிறார். ஐந்தில் ஒரு பங்கு ஒன்று. ஒன்றில் மூன்று குறைந்தால் மைனஸ் இரண்டு குரங்கு. அப்படிப்பட்ட குரங்கை ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். கணிதசாஸ்திரத்தின் சிகரத்திலே நின்ற மகாபண்டிதர், ஒரு விடையைத் தள்ளுவதற்கு ஊர் ஜனங்களைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார் என்பது எனக்கு அளவற்ற தைரியத்தைக் கொடுத்தது. இதை நான் சொல்லி முடிப்பதற்கு முன்னமே, முன்வரிசையில் ஒரு பெண், ‘ஒண்ணுல மூணு எப்புடி சார் போகும்?’ என்று கேட்டுவிட்டாள். ஆசாரியார் சொன்ன ஜனம் அவள்தான்.

அதே பெண்தான் பின்னொரு நாள் முட்டைக் கணக்கிலே கட்சி மாறினாள். அதுவும் பாடப்புத்தகத்தில் உள்ளதே. இரண்டு பெண்கள் சேர்ந்து 100 முட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். ஒருத்தியிடம் கூடுதல், ஒருத்தியிடம் குறைச்சல். இருவருக்கும் கிடைத்த தொகையோ சமம். ‘உன் முட்டைகள் என்னிடம் இருந்திருந்தால் எனக்கு 15 ரூபாய் கிடைத்திருக்கும்’ என்றாள் முதலாமவள். ‘உன் முட்டைகள் என்னிடம் இருந்திருந்தால் எனக்கு 6 ரூபாயும் மூன்றில் இரண்டு பங்கும் கிடைத்திருக்கும்’ என்றாள் மற்றவள். இந்த இரு பெண்களும் ருஷ்ய தேசத்திலிருந்து வந்தவர்கள். பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் ஆய்லர் 1770-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட இயற்கணித நூலில், கிராய்ட்சர் என்ற காசுக்கு முட்டை விற்றுக்கொண்டிருந்த குடியானவர்கள், நம் ஊருக்கு வந்து ரூபாய்க்கு விற்கிறார்கள். கண்பார்வை ஏறக்குறைய முற்றிலும் போய்விட்ட நிலையில், ஆய்லர் அந்த நூலை, தையல் தொழில் பழகிய, கணிதம் அறியாத ஓர் இளைஞனுக்கு வாயால் சொல்லி எழுதுவித்தார் என்றும், எழுதி முடிப்பதற்குள் அவனே சமன்பாடுகளைத் தீர்க்கக் கற்றுக்கொண்டான் என்றும் அந்நூலின் முன்னுரை கூறுகிறது. எங்கள் பிள்ளைகளும் நான் சொல்வதையெல்லாம் எழுதத்தான் எழுதுகிறார்கள்.

சமன்பாட்டைச் சுருக்கினால், எக்ஸ் வர்க்கமும் 160 எக்ஸும் சேர்ந்து 8000 என்று முடியும். முதலாமவளிடம் 40 முட்டை, மற்றவளிடம் 60, ஆளுக்குப் பத்து ரூபாய். ஒரே சந்தையில் ஒருத்தி முட்டையை 25 காசுக்கும் இன்னொருத்தி 17 காசுக்குச் சற்றுக் குறைவாகவும் எப்படி விற்றார்கள் என்று ஆய்லர் யோசித்தாரோ இல்லையோ, எங்கள் வகுப்பு யோசித்தது. ‘அந்தம்மா வச்சிருந்தது நாட்டுக்கோழி முட்டை சார், இது வெள்ளை முட்டை’ என்று நிமிஷத்தில் தீர்ப்பாயிற்று. அப்புறம் நான் வழக்கம்போல் இரண்டாவது மூலத்தைப் பலகையில் எழுதி, ‘மைனஸ் 200, முட்டையின் எண்ணிக்கை குறை எண்ணாக இராது, ஆகவே ஏற்புடையதல்ல’ என்று சொல்லிக்கொண்டே டஸ்டரை எடுத்தேன்.

‘ஏன் சார் இருக்காது?’ என்றாள் அந்தப் பெண். அவளுடைய அப்பத்தா கோழி வளர்த்து முட்டை விற்கிறவள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. மைனஸ் இருநூறு என்றால் இருநூறு முட்டை கடன். இது தினசரி நடக்கிற விவகாரம். கணக்கில் வரும் முதலாமவள் முட்டைக்கு ஐந்து காசு கொடுத்து வாங்கித்தானே கடனை அடைக்கவேண்டும். பத்து ரூபாய் கைநட்டம். சரி, மற்றவளிடம் 300 முட்டை இருக்கிறதே, அவள் விலை மைனஸாக வருகிறதே, முட்டையைக் கொடுத்துப் பணத்தையும் கொடுப்பாளா என்று நான் மடக்கினேன்.

‘கூமுட்டை சார்’ என்றாள். ‘நாறிப்போச்சு. மூணு ரூவா தாரேன், நூறு முட்டையக் கொண்டுபோயிக் கொட்டிட்டு வான்னு சொன்னா கொட்ட மாட்டாங்களா? மூணு ரூவாக்கிக் கொஞ்சம் கூட ஆகும்.’

காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 300 முட்டைக்குப் பத்து ரூபாய் நட்டம். இருவருக்கும் நட்டம் சமம். முதலாமவள் அந்த 300-ஐ வைத்துக்கொண்டு தன் விலையான ஐந்து காசுக்கு விற்றால் சரியாக 15 ரூபாய். மற்றவள், தன் கூமுட்டை விலைக்கே இருநூறு முட்டையைப் பிறரிடமிருந்து கூலி வாங்கிக்கொண்டு ஏற்றால் 6 ரூபாயும் மூன்றில் இரண்டு பங்கும். ஒரு காசு பிசகவில்லை. வகுப்பு முழுவதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கூமுட்டை என்ற பட்டத்தை அதுவரையில் நான் அவர்களில் பலருக்கு வழங்கியிருந்தேன்.

‘அப்ப அந்த ஏற்புடையதல்லங்கிற வரிய எழுதணுமா, வேணாமா சார்?’ என்றாள்.

‘எழுதிடு தாயி’ என்றேன். ‘பேப்பர் திருத்துறவரு கோழி வளக்குறவரா இல்லையான்னு நமக்குத் தெரியாது.’