வீட்டுக்காரரும் கல்வி அமைச்சரும்

கேள்வி: கல்கத்தாவில் எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒருவர் ஆராய்ந்தாராமே, வேறு வேலை இல்லையா அவருக்கு?

பதில்: இருந்ததே! 1946-47இல் நவகாளியில் காந்திக்குச் செயலாளர் வேலை. மானுடவியலாளர் நிர்மல் குமார் போஸைத்தானே கேட்கிறீர்கள்? பிறகுதான் கல்கத்தாவை வார்டு வார்டாக அலசி, 1968இல் நூலாக்கினார். மொழிக்கொரு பேட்டை, சாதிக்கொரு பேட்டை. வேலை அரிதான ஊரில் சொந்த ஜனத்தின் சிபாரிசை விட்டு யார் தள்ளிப் போவார்கள்? (நம்மவர்கள் மட்டும் என்னவாம், லேக் மார்க்கெட் பக்கம்தானே குவிந்தார்கள்!) குடியிருப்பு பிரிந்தால் பள்ளியும் பிரியும்தானே? 2009 கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தை அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. ஆனால் அந்த அக்கம்பக்கத்தில் ஏழைக்கு வாடகை வீடு தருவது யார்? "சைவமா?" என்று கேட்டே கதவைத் திறக்கும் வீட்டுக்காரருக்குக் கல்வி அமைச்சரைவிட அதிகாரம் அதிகம்.