ஒன்றரை மடங்கு வாத்தியார்

மாதம் 12,400 ரூபாய் என்று காகிதத்தில் கம்பீரமாக நின்றாலும், கைக்கு வருகிற விஷயத்தில் வடகிழக்குப் பருவக்காற்றைப் போலத் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்ளும் உபகாரச் சம்பளத்தை நம்பிச் சென்னையில் எம்.இ. ஸ்ட்ரக்சுரல் படித்துக்கொண்டிருந்த நான், மெஸ் பாக்கியின் நிமித்தம், சைதாப்பேட்டையில் ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கச் சம்மதித்தேன். போதனா முறை என்று எதையும் நான் கற்றவனல்லன்; கற்றதெல்லாம் கான்கிரீட் மாத்திரமே. ஆகவே பையனையும் கான்கிரீட்டாகவே பாவிப்பதென்று தீர்மானித்தேன்.

ஐ.எஸ். 456 என்கிற எங்கள் கான்கிரீட் சாஸ்திரத்தின் பிரகாரம், ஒரு கட்டடத்தின்மேல் வரக்கூடிய பாரம் இவ்வளவு என்று கணக்கிட்டபின், எதற்கும் இருக்கட்டும் என்று அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். தேர்ச்சி மதிப்பெண் 35. ஒன்றரையால் பெருக்க 52.5. பையனின் தாயாரை உத்தேசித்து அரையை முழுதாக்கி, 53 என்று முதல் நாளே நோட்டு அட்டையில் எழுதினேன். பையன் அதை உற்றுப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

கான்கிரீட்டை வார்த்தபின் 15 சென்டிமீட்டர் கனசதுரங்களை 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் யந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம்; ஏழாம் நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்திருக்கும், மிச்சம் இருபத்தெட்டுக்குள் சேர்ந்துவிடும். இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும் பாடத்தை வார்த்துவிட்டு, நானும் ஏழாம் நாள் நசுக்கிப் பார்த்தேன். பத்துக் கணக்கில் ஏழு சரி! பரவசத்துடன் இருபத்தெட்டாம் நாளுக்குக் காத்திருந்தேன். அன்று இரண்டு. நாளாக ஆக இறுகுவது சிமென்டின் சுபாவமேயன்றிச் சிறுவர்களின் சுபாவம் அன்று என்பதைப் பிரஸ்தாபிக்க ஐ.எஸ். 456-இல் இடமில்லை போலும்.

டவராவை மேஜைமேல் வைத்த தாயார், "கான்கிரீட் போட்டா தெனமும் தண்ணி விடணுமே தம்பி, நீங்க பாட்டுக்கு அடுத்த பாடத்துக்குப் போயிட்டீங்களே?" என்றார். வீட்டுக்கு மாடி எடுத்தபோது பதினைந்து நாளும் தாமே ஹோஸ் பிடித்து நின்றவராம். அன்று முதல் தினம் இரண்டு பழைய கணக்கு என்று தண்ணீர் விடத் தொடங்கினேன். அந்த யோசனை என்னுடையதே என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நாள் பையன் வாயைத் திறந்தான். "53 எதுக்குண்ணா?" பாதுகாப்புக் காரணியின் தத்துவத்தைச் சற்று விஸ்தாரமாகவே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எவ்வளவு வெயிட்டு வரும்னு உங்களுக்கே கரெக்டா தெரியாது, அதானே?" என்றான். நாலு வருஷ பி.இ.யிலும் அதற்குப் பிறகும் இவ்வளவு பட்டவர்த்தனமாக ஒருவரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தபடியால் அதைக் குடிப்பதே உசிதம் என்று குடித்தேன்.

காலாண்டுத் தேர்வில் அவன் வாங்கியது 35. ஒரு கம்பி அதிகமில்லை, ஒரு சட்டி சிமென்ட் வீணில்லை. இதைவிடச் சிக்கனமான டிசைனை நான் இன்றுவரை போட்டதில்லை. ஆயினும் வாத்தியார் என்ற ஸ்தானத்தை முன்னிட்டு, மிச்சம் பதினெட்டு எங்கே என்று அதட்டினேன்.

"எனக்குத்தான் எவ்வளவு வேணும்னு கரெக்டா தெரியுமேண்ணா!" என்றான்.