காட்டேரிக்கு ஒரு பாட்டில் ரத்தம்

ரத்தக்காட்டேரியைக் கொல்ல என்னென்ன வழி என்று கேட்டால் சினிமா பார்க்கிற எவரும் மளமளவென்று சொல்லிவிடுவார்கள். நெஞ்சில் மரமுளை, சிலுவை, பூண்டு, சூரிய வெளிச்சம். அமெரிக்க டிவி காட்டேரிகளிடம் இதில் பாதி பலிக்காது. அவர்களைக் கொல்வதில் கைதேர்ந்தது மே மாதம். வருஷா வருஷம் மே மாதத்தில் சேனல்காரர்கள் விளம்பரதாரர்களைக் கூட்டிவைத்து, அடுத்த சீசனில் எந்தத் தொடர் உண்டு, எது இல்லை என்று சொல்வார்கள். சிலுவைப் போர்க் காலத்திலிருந்து சாகாமல் தப்பித்து வந்தவனுக்கும் அங்கே ஜாமீன் கிடையாது. ‘ஃபாரெவர் நைட்’ கடைசி அத்தியாயம், 1996 மே. ‘ஏஞ்சல்’, 2004 மே. ‘மூன்லைட்’, 2008 மே.

இந்த மூன்றாவது சாவுக்கு நான் பக்கத்திலேயே இருந்தேன்.

‘மூன்லைட்’ 2007 செப்டம்பரில் சிபிஎஸ் சேனலில் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி. கல்யாணமான கையோடு நான் கலிஃபோர்னியாவில் சன்னிவேலுக்குக் குடிவந்திருந்த சமயம். எனக்கு எச்-4 விசா. அப்போது அந்த விசாவில் சமைக்கலாம், துணி மடிக்கலாம், வேலைக்குப் போகக் கூடாது. டிவி பார்க்கத் தடை இல்லை.

கதாநாயகன் மிக் செயின்ட் ஜான், லாஸ் ஏஞ்சலஸில் தனியார் துப்பறிவாளர். நடித்தவர் அலெக்ஸ் ஒலாக்லின் என்ற ஆஸ்திரேலியர். 1952-ல் மிக்குக்குக் கல்யாணம் நடக்கிறது. முதலிரவில் மனைவி கோரலின் கழுத்தைக் கடித்து அவரையும் தன் ஜாதியில் சேர்த்துக்கொள்கிறாள். அன்றோடு வயது நின்றுவிடுகிறது. பூண்டு அவரை ஒன்றும் செய்யாது. மரமுளையால் குத்தினால் சாக மாட்டார், ஆடாமல் அசையாமல் கிடப்பார். சவப்பெட்டிக்குப் பதிலாக ஃப்ரீசருக்குள் படுத்துத் தூங்குவார். அவருடைய நண்பர் ஜோசஃபுக்கு வயது நானூறு சொச்சம். பார்க்கிற தொழில், ஹெட்ஜ் ஃபண்ட். ரத்தம் உறிஞ்சுகிறவருக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று கதாசிரியர்கள் அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள்.

கும்பகோணத்தில் அம்மாவுக்கு அது சனிக்கிழமை காலை, காபி குடித்துவிட்டு மகளைக் கூப்பிடும் நேரம். தொடர் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் போன் அடிக்கும்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கேத்திட்டு ரத்தக்காட்டேரி பார்க்கிறியாமே? மாப்பிள்ளை சொன்னார்.”

“இவன் நல்லவன்மா. யாரையும் கடிக்க மாட்டான். பிணவறையில இருக்கிற ஆள்கிட்ட காசு குடுத்து வாங்கித்தான் குடிப்பான்.”

“காசு குடுத்து வாங்கினா அது காபியாயிடுமா?” என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “ஆளு பார்க்க எப்படி இருப்பான்?”

எங்கள் அபார்ட்மெண்டில் இந்தத் தொடரைப் பார்க்கிற இன்னொரு ஜீவன் மாடி வீட்டம்மா. ஐம்பதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்மணி. பல் டாக்டர் கிளினிக் ஒன்றில் வரவேற்பறை வேலை. ஆகவே கோரைப்பற்கள் மீது அவருக்கு இருந்த ஈடுபாட்டில் தொழில் பக்தியும் கலந்திருந்தது. அபார்ட்மெண்டுக்குப் பொதுவான லாண்ட்ரி ரூமில், காசு போட்டுத் துவைக்கும் மெஷினுக்கு முன்னால்தான் எங்கள் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. ரசிகர் வட்டாரத்துச் செய்திகள் எல்லாம் எனக்கு அங்கேதான் கிடைத்தன. துணி அலசி முடிவதற்குள் தலைப்புச் செய்திகள். டிரையரில் போட்டால் விரிவான செய்திகள்.

காட்டேரி விஷயத்தில் அவருடைய அனுபவம் என்னை மாதிரி அரைகுறை அல்ல. 1967-ல் பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து ‘டார்க் ஷேடோஸ்’ பார்த்த தலைமுறை. ஏபிசி சேனலில் பகல் நேரத்தில் வந்த அழுகைத் தொடர் அது. ஓட்டம் குறைந்தபோது, சில வாரங்களுக்கு மட்டும் என்று பார்னபாஸ் காலின்ஸ் என்ற காட்டேரியை உள்ளே விட்டார்கள். வந்தவர் போகவே இல்லை. கடைசியில் 1225 அத்தியாயங்கள். நம் மெகா சீரியல்காரர்கள் எழுந்து நின்று கும்பிட வேண்டிய கணக்கு. அவசர அவசரமாக எடுத்த தொடர் என்பதால் காட்டேரி உருக்கமாகப் பேசும்போது தலைக்கு மேலே மைக் எட்டிப் பார்க்கும். ரசிகர்கள் அதையும் சேர்த்துத்தான் காதலித்தார்கள். அத்தனை அத்தியாயங்களில் ஒன்றின் டேப் மட்டும் தொலைந்துபோனது. ஒளிபரப்பானபோது வீட்டில் யாரோ பதிவு செய்திருந்த ஒலியை வைத்து அதைப் பிற்பாடு ஒப்பேற்றினார்கள். அந்தத் தொடர் 1971-ல் முடிந்த தேதி ஏப்ரல் 2. “முந்தின நாள் முட்டாள்கள் தினம். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன்” என்பார் மாடி வீட்டம்மா, இன்னும் ஆறாமல்.

அப்புறம் ‘ஃபாரெவர் நைட்’. டொரொன்டோ போலீஸில் வேலை பார்க்கும் எண்ணூறு வயதுக் காட்டேரி. வெயில் அலர்ஜி என்று சொல்லி நிரந்தரமாக நைட் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டவர். 1962-ம் வருஷத்து கேடிலாக் கார் வைத்திருந்தார். அதன் டிக்கி பெரிசு, விடிந்துவிட்டால் உள்ளே படுத்துக்கொள்ளலாம். இதன் ரசிகர்கள் பாத்திரத்துக்கு ஒரு கட்சியாகப் பிரிந்தவர்கள். கதாநாயகன் பக்கம் ‘நைட்டீஸ்’, வில்லன் லாக்ராய் பக்கம் ‘கசின்ஸ்’, டாக்டரம்மா பக்கம் ‘நாட்பேக்’. கட்சிகளுக்குள் போர் அறிவித்து, ஒருவர் காலை ஒருவர் வாரும் கதைகளை மாற்றி மாற்றி எழுதித் தள்ளினார்கள். மாடி வீட்டம்மா கசின்ஸ் கட்சி. கடைசி அத்தியாயத்தில் ஏறக்குறைய எல்லாரையும் காவு கொடுத்துவிட்டு, கதாநாயகன் மேல் லாக்ராய் முளையை ஓங்குவதோடு நிறுத்திவிட்டார்கள். அந்த முளை இறங்கியதா இல்லையா என்ற வழக்கு ரசிகர் வட்டாரத்தில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

‘ஏஞ்சல்’ ரசிகர்கள் போரெல்லாம் போடாமல் ஒற்றுமையாகப் போராடினார்கள். தொடர் நிற்கப்போகிறது என்ற சேதி வந்ததும் தபால் அட்டைகள், சினிமாத் தொழில் பத்திரிகைகளில் விளம்பரம், விளம்பரப் பலகை கட்டிய வண்டி, ஏழைகளுக்கு உணவு திரட்டல், ரத்த தானம். எல்லாம் செய்தும் மே மாதம் வந்தது. ஆக, நான் சந்தித்தபோது மாடி வீட்டம்மா மூன்று தொடர்களுக்குக் காரியம் செய்து முடித்தவர்.

‘மூன்லைட்’ ஆரம்பித்து ஆறு வாரத்துக்குள் கதாசிரியர்கள் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 2007 நவம்பரிலிருந்து 2008 பிப்ரவரி வரை. எழுதி வைத்திருந்த கதைகள் தீர்ந்ததும் காட்டேரி ஃப்ரீசருக்குள் போனவர்தான், ஏப்ரல் கடைசியில்தான் எழுந்தார். நடுவில் எங்களுக்கு அத்தியாயம் கிடையாது, சேதி மட்டும்தான். ஜனவரியில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தரும் பீப்பிள்ஸ் சாய்ஸ் விருது, சிறந்த புது நாடகத் தொடர் என்று ‘மூன்லைட்’டுக்குக் கிடைத்தது. லாண்ட்ரி ரூமில் விழாக் கோலம். பிறகு சேதிகளின் தரம் இறங்கிக்கொண்டே வந்தது. “செட்டை இன்னும் பிரிக்கவில்லையாம்.” இது நல்ல சேதி. “ஒரு பாத்திரத்துக்குப் புது கோட்டு தைக்கிறார்களாம்.” இது ரொம்ப நல்ல சேதி. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வாசலில் சிரித்தார்களா, செருப்பை எந்தக் காலில் முதலில் மாட்டினார்கள் என்று அலசுவோமே, அந்த ரகம்.

ஒரு நாள் நான் கேட்டேன். “நாம் இரண்டு பேரும் தவறாமல் பார்க்கிறோமே, அது கணக்கில் வராதா?”

வராதாம். நீல்சன் நிறுவனம் தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தியிருக்கும். அந்த வீட்டில் பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்கு. அதிலும் விளம்பரதாரர்கள் காசு கொடுப்பது பதினெட்டு முதல் நாற்பத்தொன்பது வயதுக்குள் இருப்பவர்களுக்காக. மாடி வீட்டம்மா அந்த எல்லையைத் தாண்டியவர். யோசித்துப் பார்த்தால் மிக், ஜோசஃப், கோரலின் எவருமே அந்த வயதுக்குள் வர மாட்டார்கள். தங்கள் தொடரைத் தாங்களே உட்கார்ந்து பார்த்தாலும் சேனலுக்குக் காலணா பிரயோஜனமில்லை.

ஆபத்தில் இருக்கும் தொடருக்காகச் சேனலுக்கு ஏதாவது பார்சல் அனுப்புவது அமெரிக்க ரசிகர்களின் வழக்கம். ‘ராஸ்வெல்’ என்ற வேற்றுக்கிரகவாசித் தொடருக்கு டபாஸ்கோ மிளகாய்ச் சாஸ் பாட்டில்களாக அனுப்பிக் குவித்தார்கள். காட்டேரித் தொடருக்கு எதை அனுப்புவது? பொருத்தமான பொருள் ஒன்றே ஒன்றுதான், அதைத் தபாலில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே ‘மூன்லைட்’ ரசிகர்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக ரத்த தான முகாம்களுக்கு ஏற்பாடு செய்தார்கள்.

“எங்கள் ஊரில் நடிகர்கள் பிறந்தநாளுக்கு ரசிகர் மன்றத்தில் இதைச் செய்வது சகஜம்” என்றேன். மாடி வீட்டம்மா அசந்துபோனார். “அந்த நடிகர்கள் எல்லாரும் காட்டேரி வேஷம் போடுகிறவர்களா?”

என் கணவரின் சந்தேகம் வேறு. “ரத்தம் குடிக்கிறவனைக் காப்பாத்த ரத்தம் குடுக்கிறீங்க. சப்ளை செயின் கரெக்டாத்தான் இருக்கு.”

பக்கத்து ஊரில் ஒரு முகாமுக்கு மாடி வீட்டம்மா காரில் நானும் போனேன். நீளமான ஹால். ஒரு பக்கம் சாய்வு நாற்காலிகள், இன்னொரு பக்கம் ஆரஞ்சு ஜூஸும் பிஸ்கட்டும் வைத்த மேஜை. தடுப்புக்குப் பின்னால் நர்ஸம்மா விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், எனக்கு 12.8. கல்யாணத்துக்கு முன் என்னைச் சோகை என்று சொன்ன அத்தைகளை நினைத்துக்கொண்டேன். அப்புறம் கேள்விகள். எந்த நாடு? வந்து எத்தனை காலம்? நர்ஸம்மா தடிமனான ஒரு புத்தகத்தைப் புரட்டினார். கும்பகோணத்துக்கு எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அது புத்தகத்தில் இல்லை.

“அங்கே கொசு உண்டா?” என்றார்.

கும்பகோணத்தில் கொசு உண்டா என்று இந்த உலகத்தில் என்னிடம் கேட்ட ஒரே ஆத்மா அவர்தான். என் சிரிப்பையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். மலேரியா உள்ள நாட்டிலிருந்து குடிவந்தவர்கள் மூன்று வருஷம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்கலாம் என்று விதி. ரொம்ப வருத்தத்தோடு சொன்னார். காட்டேரித் தொடரைக் காப்பாற்றப் போன என்னை, எனக்கு முன்னாலேயே ஊரில் கணக்குத் தீர்த்துக்கொண்ட அசல் ரத்தம் உறிஞ்சிகள் தடுத்துவிட்டன. தொடருக்கு என் பங்களிப்பு அந்த ஒரு சொட்டுதான். ஆனாலும் பிஸ்கட் கொடுத்தார்கள்.

மாடி வீட்டம்மா ஏறக்குறைய அரை லிட்டர் கொடுத்துவிட்டு, முழங்கையில் கட்டோடு ராணி மாதிரி நடந்து வந்தார். “அடுத்த வாரமும் வரலாமா?” என்று கேட்டதற்கு, 56 நாள் கழித்துத்தான் என்றார்கள். கணக்குப் பார்த்தோம். அதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

வந்துவிட்டது. பதினாறாவது அத்தியாயம் 2008 மே 16-ந் தேதி. அது ஒளிபரப்பாவதற்கு முன்பே தொடர் ரத்து என்ற அறிவிப்பு வந்தது. அந்த வாரம் மாடி வீட்டம்மா துவைக்க வரவே இல்லை.

எனக்குப் பொறுக்காதது வேறொரு கணக்கு. அதே சிபிஎஸ் சேனல் அதற்கு முந்தின வருஷம் ‘ஜெரிகோ’ என்ற தொடரை நிறுத்தியது. ரசிகர்கள் சேனல் ஆபீசுக்கு வேர்க்கடலை அனுப்பத் தொடங்கினார்கள். இருபது டன்னுக்கு மேல். சேனல் இறங்கிவந்து இன்னும் ஏழு அத்தியாயங்கள் கொடுத்தது. வேர்க்கடலைக்கு ஏழு, மனித ரத்தத்துக்கு முட்டை. முதலில் நியாயமில்லை என்று பொருமினேன். பிறகு புரிந்தது. கடலை ஆபீஸ் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும், அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ரத்தம் வாசலில் நிற்பதில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் உடம்புக்குள் போய்விடுகிறது. அவருக்குத் தனக்குள் ஓடுவது ஒரு காட்டேரி ரசிகையின் ரத்தம் என்று தெரியாது, அவர் சேனலுக்கு நன்றிக் கடிதம் எழுதவும் போவதில்லை. காட்டேரிக் கதைகளில் ரத்தம் எப்போதும் மனிதரிடமிருந்துதான் போகும். அது மனிதருக்கு வந்துசேர்ந்த ஒரே இடம் இந்த ரசிகர் வட்டாரம், அதை எண்ணிப் பார்க்க எந்த நீல்சன் கருவியும் கிடையாது.

மாடி வீட்டம்மாவுக்கு ஆறுதல் வேறு திசையிலிருந்து வந்தது. ‘மூன்லைட்’ இருந்த இடத்தில் அந்த அக்டோபரில் ‘தி எக்ஸ் லிஸ்ட்’ என்ற தொடரைப் போட்டார்கள். பழைய காதலர்களில் ஒருவன்தான் மாப்பிள்ளை என்று குறி சொல்கிறவள் சொல்ல, அவனைத் தேடிப் போகும் பெண்ணின் கதை. நாலு அத்தியாயத்தில் அதுவும் காலி. “குறிகாரிக்கு இது தெரியவில்லையே” என்று மாடி வீட்டம்மா சிரித்த சிரிப்பில் அவருடைய கசின்ஸ் கட்சி வெளியே தெரிந்தது. அதற்குள் ஹெச்பிஓவில் ‘ட்ரூ பிளட்’ ஆரம்பமாகியிருந்தது. நவம்பரில் ‘ட்வைலைட்’ படம் வந்தது. அடுத்த வருஷம் ‘தி வேம்பயர் டைரீஸ்’ வந்தது, எட்டு சீசன் ஓடியது. உலகமே கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றபோது, கையிலிருந்த காட்டேரியைச் சில மாதம் முந்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தது சிபிஎஸ்.

அதனால் என் அனுபவத்திலிருந்து ரசிகப் பெருமக்களுக்கு ஒரு யோசனை. எங்கேயாவது ஒரு காட்டேரித் தொடர் இழுத்துக்கொண்டு கிடந்தால், கடலையைச் சேனலுக்கு அனுப்புங்கள், ரத்தத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுங்கள். அவசரத்தில் மாற்றி அனுப்பிவிட வேண்டாம். கடலை வறுத்துக்கொடுக்க நான் தயார். ரத்தம் வேண்டுமென்றால் மட்டும் கும்பகோணத்துக் கொசுக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றுக்குத்தான் முன்னுரிமை.