முட்டினால்தான் மீன்

கேள்வி: எங்கள் ஏரிக் கரையோரம் முழுக்க மரக்கட்டையும் பாறையும். இரண்டு மும்முனை முள் தொங்கும் கிராங்க்பெய்ட் என்ற போலி இரையை அங்கே வீச மனசு வரவில்லை. வெறும் தண்ணீரில் வீசினால் பாஸ் மீன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என்ன செய்ய? (பிளேனோ, டெக்சாஸ்)

பதில்: கட்டை மேலேயே வீசுங்கள். ஆழம் குறைவாக இறங்கும் கிராங்க்பெய்ட், அதிலும் சதுர மூக்குத் தகடு வைத்த ஸ்கொயர்பில், முட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. இழுக்கும்போது அது தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கிக்கொண்டு வரும். தகடு முன்னால், உடம்பு நடுவில், முள் பின்னால். கட்டையை முதலில் தொடுவது தகட்டின் மூலை. பட்ட வேகத்தில் லூர், அதாவது இந்தப் போலி இரை, பக்கவாட்டில் துள்ளி விலகும். முள் பெரும்பாலும் கட்டையில் படாமலே தாண்டிவிடும். அந்தத் துள்ளலைத்தான் பாஸ் கடிக்கிறது. நேராக நீந்தும் இரையைப் பின்தொடர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற மீன், சட்டென்று திசை மாறிய இரையை யோசிக்காமல் கவ்வும். பசியே இல்லாத மீனும் கவ்வும்.

முட்டிய அடுத்த நொடிதான் முக்கியம். சிக்கிவிடுமோ என்ற பயத்தில் கை தானாக வேகமாக இழுக்கப் பார்க்கும். இழுக்காதீர்கள். ரீலைக் கொஞ்சம் நிறுத்துங்கள். லூர் மிதக்கிற ரகம் என்பதால் பின்வாங்கி மேலே எழும்பும், முள் தானே விடுபடும். திரும்பச் சுற்றும்போது லைன் கனத்து, அந்தக் கனம் பக்கவாட்டில் நகர்ந்தால் ராடைச் சாய்த்து இழுங்கள். கட்டை நகராது.

2011 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியில் கெவின் வான்டாம் ஜெயித்தது இந்த வழியில்தான். லூயிசியானாவின் ஆழமில்லாத கலங்கல் தண்ணீரில், மூழ்கிக் கிடந்த சைப்ரஸ் அடிமரங்களில் ஸ்கொயர்பில்லைத் திரும்பத் திரும்ப முட்டவிட்டார். மூன்று நாளில் 69 பவுண்டு 11 அவுன்ஸ்.

கேள்வி: 4 அடித் தண்ணீருக்கு எத்தனை அடி இறங்கும் லூர் வாங்கலாம்? (ஹூஸ்டன்)

பதில்: 5 அடி இறங்குவதை. தரையை உழுதுகொண்டே வரட்டும். அதிகமாக உழுதால் ராடை உயர்த்திப் பிடியுங்கள், அல்லது தடித்த லைன் போடுங்கள். இரண்டுமே லூரை மேலே ஏற்றும்.

கேள்வி: டிசம்பரில் இதை வீசினால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். வருஷம் முழுக்கப் பயன்படுமா, படாதா? (டாலஸ்)

பதில்: தண்ணீர் உறையாத தென் மாநிலங்களில் தாராளமாகப் பயன்படும். ஆனால் அக்டோபரில் வீசிய அதே லூரை அதே வேகத்தில் டிசம்பரிலும் வீசினால் நண்பர்கள் சிரிப்பது நியாயம்.

தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 10 செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால், உருண்டு திரண்ட உடம்போடு அகலமாக ஆடும் லூரை உள்ளே வையுங்கள். பக்கங்கள் தட்டையான, ஒடுக்கமாக நடுங்கி வரும் ரகம் வேண்டும். பால்சா மரத்தில் செய்தது என்றால் ரொம்ப நல்லது. மெதுவாகச் சுற்றினாலும் அதில் உயிர் இருக்கும். 1982-ல் ரபாலா கொண்டுவந்த ஷாட் ராப் இன்றைக்கும் பலருடைய பெட்டியில் குளிர்காலத்துக்கென்று இருப்பது இதனால்தான். குளிரில் பாஸின் உடம்பு மந்தமாகிவிடும். ஓடிப்போய்ப் பிடிக்காது, பக்கத்தில் வந்ததைக் கவ்வும். ஆகவே வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள், முட்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் காத்திருங்கள். அணைக்கட்டின் கல்சரிவு, சட்டென்று ஆழம் விழும் கரை, அதிலும் பிற்பகல் வெயில் படுகிற பக்கம், இவைதான் டிசம்பர் இடங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து நடுங்க வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டு மதியம் போங்கள்.

கேள்வி: வசந்தம் வந்தால் எல்லோரும் சிவப்பு லூருக்கு மாறுவது ஏன்? (ஆஸ்டின்)

பதில்: கிராஃபிஷ். குளிருக்குப் பதுங்கியிருந்த இந்த நன்னீர் ஜீவன் தண்ணீர் சூடேறும்போது வெளியே வரும். முட்டையிடும் முன் உடம்பைத் தேற்றிக்கொள்ள பாஸும் அதே நேரத்தில் ஆழத்திலிருந்து மேடேறும். 50-லிருந்து 60 டிகிரி வரை நீடிக்கும் அந்தச் சில வாரங்களில் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த லூர் கல்லில் உரசி வந்தால், பெரிய பெண் மீன்கள் கிடைக்கும். ஆனால் நிறத்துக்கே முழுப் புகழையும் கொடுத்துவிடாதீர்கள். கல்லில் உரசாத சிவப்பு லூர் அழகாக மட்டுமே இருக்கும்.

கேள்வி: கூடு கட்டி உட்கார்ந்திருக்கும் பாஸை லூர் போட்டுப் பிடிப்பது தவறா? (அட்லாண்டா)

பதில்: சட்டம் பல இடங்களில் தடுப்பதில்லை. நான் வீச மாட்டேன். கூட்டைக் காப்பது ஆண் மீன். அதை வெளியே தூக்கிய சில நிமிஷங்களிலேயே சுற்றி நிற்கும் புளூகில் மீன்கள் முட்டைகளை மேய்ந்துவிடும். நாம் படம் எடுத்து முடிப்பதற்குள் ஒரு தலைமுறை காலி. அந்த வாரங்களில் கூடுகளை விட்டுவிட்டு, இன்னும் முட்டையிடாத மீன்கள் தங்கும் முதல் வளைவிலும் முனையிலும் வீசுங்கள்.

பாஸ் முட்டையிடுவது முடிந்த கையோடு, அதன் இரையான ஷாட் மீன்களின் இனப்பெருக்கம் வரும். விடியும் நேரத்தில் கல்சரிவு, படகுத்துறை மிதவை, புல் விளிம்பு என்று ஷாட் கூட்டம் பளபளவென்று ஒட்டிக்கொண்டு சுழலும். வெள்ளை ஸ்கொயர்பில்லைக் கரைக்கு இணையாக வீசுங்கள். வெயில் ஏறியதும் ஆட்டம் முடிந்துவிடும்.

கேள்வி: ஜூலையில் மேட்டுத் தண்ணீரில் மீன் இருக்குமா? (ஹூஸ்டன்)

பதில்: தெளிந்த ஏரியில் பெரும்பாலும் ஆழத்துக்குப் போய்விடும். ஆறுகளிலும் கலங்கிய கால்வாய்களிலும் ஒரு பங்கு மீன் கோடை முழுக்க நிழலிலேயே கிடக்கும். நீரோட்டம் மோதும் ஒற்றைக் கட்டையைத் தேடுங்கள். இப்போது வேகம் வேண்டும். நின்று யோசிக்க விடாதீர்கள்.

கேள்வி: ஒரே ஒரு மாதம் லீவு கிடைக்கும் என்றால் எந்த மாதம் எடுப்பீர்கள்? (டாலஸ்)

பதில்: அக்டோபர். யோசிக்கவே வேண்டாம். கோடைச் சூடு இறங்கத் தொடங்கியதும் ஷாட் கூட்டங்கள் ஏரியின் நடுவை விட்டு ஓடைகளுக்குள் ஏறும். பாஸ் பின்னாலேயே வரும். ஆழத்தில் சிதறிக் கிடந்த மீன், நான்கைந்து அடித் தண்ணீரில் நம் எதிரே நிற்கும் காலம் இது. ஸ்கொயர்பில் இறங்கும் ஆழமும் சரியாக அதுதான்.

ஓடை வாயிலில் தொடங்கி உள்ளே போய்க்கொண்டே இருங்கள். நீர்மேல் ஷாட் சிதறித் துள்ளுகிற இடத்தில், கொக்கு பொறுமையாகக் காத்திருக்கிற கரையில் நில்லுங்கள். அங்கே கிடக்கும் ஷாட்டின் நீளத்துக்கு ஒத்த லூரைப் போடுங்கள். விழுந்த மரம் ஒன்று இருந்தால் மரத்தின் மேல் வீசாமல் அதைத் தாண்டி வீசுங்கள். லூர் தன் ஆழத்துக்கு இறங்கக் கொஞ்ச தூரம் வேண்டும். மரத்தை அடையும்போது இறங்கி முடித்திருக்க வேண்டும். முதல் வீச்சு மரத்தின் நுனிக்கு, அடுத்தது கிளைகளுக்கு நடுவே, கடைசியாக அடிமரம். ஒரு மரத்தில் ஒரு மீன் வந்தால் உடனே நகராதீர்கள். அக்டோபரில் அது தனியாக நிற்பது அபூர்வம்.

கேள்வி: நிறம்? (ராலே, வட கரோலினா)

பதில்: தெளிந்த தண்ணீருக்கு ஷாட்டின் வெள்ளியும் சாம்பலும். கலங்கலுக்குக் கறுப்பு முதுகு வைத்த பளிச் மஞ்சள் பச்சை. வசந்தத்துச் சிவப்பையும் சேர்த்து மூன்று லூர் போதும்; மிச்சக் காசில் நல்ல முள் வாங்குங்கள்.

கேள்வி: புது லூர் நேராக வராமல் இடது பக்கமே ஓடுகிறது. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? (சான் ஆன்டோனியோ)

பதில்: வேண்டாம், ஒரு குறடு போதும். லூரின் மூக்கு உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். லைன் கட்டும் கம்பி வளையத்தை, லூர் ஓடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, இடது பக்கம் ஓடினால் வலது பக்கமாக, லேசாக வளையுங்கள். வளைந்தது கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிகம். படகோரத்தில் வேகமாக இழுத்துப் பாருங்கள். மெதுவாக இழுத்தால் கோணல் தெரியாது. கட்டையில் முட்டி முட்டி வளையம் திரும்பவும் நகரும், ஆகவே குறடு பையிலேயே இருக்கட்டும். அனுபவசாலிகள் சிலர் வேண்டுமென்றே கோணலாக்கி வைப்பார்கள். படகுத்துறைப் பலகைக்கு அடியில் லூரைத் திருப்பி அனுப்ப அது உதவும்.

கேள்வி: கடித்த மீன் பாதி வழியில் கழன்றுவிடுகிறது. (சார்லட்)

பதில்: ராட் விறைப்பாக இருக்கிறது. நடுவரை வளைகிற ஃபைபர்கிளாஸ் ராட் எடுங்கள். மீன் லூரை உள்ளே வாங்கிக்கொள்ள அந்த வளைவு ஒரு கணம் அவகாசம் தரும், தலையை உதறும்போதும் பிடி தளராது. முள் முனையை நகத்தில் வைத்துப் பாருங்கள், வழுக்கினால் மாற்றுங்கள்.

கேள்வி: ஸ்கொயர்பில்லுக்கு யார் முன்னோடி? (நாஷ்வில்)

பதில்: உங்கள் மாநிலத்துக்காரர்தான். டென்னசியின் ஓக் ரிட்ஜைச் சேர்ந்த ஃபிரெட் யங் பால்சா மரத்தைக் கையால் செதுக்கி "பிக் ஓ" செய்தார். 1970-களின் தொடக்கத்தில் அதற்கு ஏகக் கிராக்கி; வாங்கக் கிடைக்காமல் போட்டிக்காரர்கள் நாள் வாடகைக்கு எடுத்து வீசினார்கள். பிறகு காட்டன் கார்டெல் அதைப் பிளாஸ்டிக்கில் வார்த்து எல்லோர் கைக்கும் கொண்டுவந்தார்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் குளத்தில் பாஸ் குஞ்சு வாங்கி விடலாமா? (தென்காசி)

பதில்: கூடவே கூடாது. ஐப்பசி மழையில் குளம் மறுகால் பாய்ந்தால் அது ஆற்றுக்குப் போய்விடும். வாயில் அடங்குவதையெல்லாம் விழுங்கும் மீன் அது. 1925-ல் ஜப்பானின் ஆஷி ஏரியில் விட்ட பாஸ் நாடெங்கும் பரவி, 2005-ல் உயிரோடு கொண்டுசெல்லவே தடைச் சட்டம் போட வேண்டியதாயிற்று. குளத்தில் நம் கெண்டையும் விராலும் இருக்கட்டும்.

கேள்வி: கடைசியாக, பாஸில் குழம்பு வைக்கலாமா? (பிளேனோ)

பதில்: வைக்கலாம். வெள்ளைச் சதை, புளிக்கு நன்றாக ஒத்துப்போகும். ஆனால் விதிகள் உண்டு. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு டெக்சாஸில் பொதுவாக மீன்பிடி உரிமம் கட்டாயம். பொது விதிப்படி 14 அங்குலத்துக்குக் குறைந்த லார்ஜ்மவுத் பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, நாளுக்கு 5 மீன்தான். ஏரிக்கு ஏரி விதி மாறும். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளதைத் திரும்ப விட வேண்டும். கேடோ மாதிரிச் சில கிழக்கு ஏரிகளில் பாதரச எச்சரிக்கையும் உண்டு. மீன் பெரிதாக ஆகப் பாதரசமும் கூடும். சட்டியில் போடுவதென்றால் அளவைத் தொட்ட சின்ன மீனாக எடுங்கள். பெரியது அநேகமாக முட்டையிடும் பெண் மீனாக இருக்கும். முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.